என் மாமனார் தேசியக் கலைக்கூடத்தில் இடம்பெற்ற விதம்

என் மாமனாரை டிப்போவில் எல்லோரும் 'சடன் பிரேக்' என்றுதான் கூப்பிடுவார்கள். இயற்பெயரைச் சொல்லி யாராவது விசாரித்தால், அப்படி ஒருவர் இங்கே வேலை பார்க்கவே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். தலைநகரத்தில் முப்பது வருடத்துக்கும் மேலாக நகரப் பேருந்து ஓட்டியவர். அத்தனை வருடத்தில் ஒரு நாயைக்கூட இடித்ததில்லை. தூரத்தில் ஒரு பூனை ரோட்டைக் கடக்கலாமா என்று யோசிப்பது தெரிந்தால் போதும், பிரேக்கின் மேல் ஏறி நின்றுவிடுவார். உள்ளே நின்றுகொண்டிருப்பவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புதுப்புது அறிமுகங்கள் செய்துகொள்வார்கள். தன் பஸ்ஸில் இரண்டு கல்யாணங்கள் கூடிவந்ததாக அவரே பெருமையாகச் சொல்வார். எத்தனை பேருக்குப் பல் போனது என்பதைப் பற்றி அவர் பேசுவதில்லை.

ஓய்வு பெற்ற அன்று டிப்போவில் அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். இனி நேரம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத மனிதருக்கு எதைக் கொடுக்கவேண்டும் என்று யோசித்துத்தான் கொடுத்திருப்பார்கள். அவர் கேட்டது வேறு. அவர் ஓட்டிய வண்டியைக் கழித்து உடைப்பதற்குப் போட்டிருந்தார்கள். கெஞ்சிக் கூத்தாடி அதன் டிரைவர் சீட்டை வாங்கி, ஒரு சின்ன வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, வீட்டின் பின்பக்க பால்கனியில் நான்கு போல்ட் போட்டு இறுக்கினார்.

"ஸ்டியரிங் வாங்கலையா?" என்று அத்தை கேட்டார்.

"கேட்டேன். குடுக்கல" என்றார் மாமா, உண்மையான வருத்தத்தோடு.

அத்தை, அதாவது என் மாமியார், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். ஊரில் பாதிப் பேருடைய குடும்ப விவகாரம் அவருக்குத் தெரியும். மீதிப் பாதிப் பேர் அந்தக் காலத்தில் போன் வைத்திருக்கவில்லை. நடுவில் புகுந்து பேச்சைத் துண்டிக்கும் திறமை இன்னமும் அவரிடம் அப்படியே இருக்கிறது. மாமா ஒரு வாக்கியத்தை முழுதாக முடித்து நான் கேட்டதில்லை.

என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நான் அந்த வீட்டோடு மாப்பிள்ளை. கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வீட்டில் என் கருத்துக்கு என்ன மதிப்பு என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வீடு மூன்றாம் மாடியில். பின்பக்க பால்கனிக்கு எதிரே, குப்பை வண்டி ஒன்று சிரமப்பட்டு நுழையக்கூடிய சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் தேசியக் கலைக்கூடத்தின் முதுகு. நாட்டின் கலைச்செல்வம் முழுக்க அதற்குள் இருப்பதாகச் சொல்வார்கள். எங்களுக்குத் தெரிந்தது ஒரு மழைத்தண்ணீர்க் குழாயும் பாசி பிடித்த சுவரும்தான்.

என் மகளுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தபோது அந்தக் கட்டடத்தைப் புதுப்பிப்பதற்காக மூடினார்கள். இரண்டே வருடம் என்றார்கள். அதற்குப் பிறகு மூன்று கலாச்சார அமைச்சர்கள் வந்து போனார்கள். ஒவ்வொருவரும் முன்னவருடைய வரைபடத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, கல்லை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். துளை போடும் சத்தத்தில் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் அலமாரியிலேயே நடைபயிற்சி செய்தன. பால்கனியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை சிமெண்ட் நிறத்தில் திரும்பி வரும். மாமா மட்டும் கவலைப்படவில்லை. இன்ஜின் சத்தத்தில் அவருக்கு ஒரு காது ஏற்கனவே போய்விட்டிருந்தது. அந்தக் காதைக் கலைக்கூடத்துப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, மறு காதை அத்தையிடமிருந்து காப்பாற்ற வழி தெரியாமல், டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பார்.

ஒருவழியாக வேலை முடிந்து தார்ப்பாயை அவிழ்த்தார்கள். பாசிச் சுவர் இல்லை, குழாய் இல்லை. மூன்றாம் மாடி முழுக்க ஒரே கண்ணாடி. வெளியிலிருந்து பார்த்தால் கருநீலத்தில் பளபளவென்று இருந்தது. உள்ளே எதுவும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் எங்கள் பால்கனியும், கொடியில் தொங்கும் எங்கள் துணிகளும், நடுவில் மாமாவும்தான்.

"கவர்மெண்ட்டு மொத மொறையா எனக்கு உருப்படியா ஒண்ணு பண்ணிக் குடுத்திருக்கு" என்றார் மாமா.

அன்றிலிருந்து அவருடைய சொந்த வேலைகள் எல்லாம் பால்கனிக்கு இடம் மாறின. பனியனும் அரைக்கால் டவுசருமாக நின்று, அந்தப் பிரம்மாண்டமான கண்ணாடியைப் பார்த்துச் சவரம் செய்வார். மூக்குமுடியைக் கத்தரிப்பார். நாக்கை நீட்டி நிறம் பார்ப்பார். டாக்டர் சொன்ன கையை வீசும் உடற்பயிற்சியை, கூடவே டாக்டர் சொல்லாத சில அசைவுகளையும் சேர்த்துச் செய்வார். வீட்டில் கைக்கண்ணாடி ஒன்று இருந்தது. "அதுல பாதி மூஞ்சிதான் தெரியுது" என்று அதை என் மகளுக்குக் கொடுத்துவிட்டார்.

கலைக்கூடம் திறந்த மூன்றாவது வாரம், என் மனைவி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஊழியர்களுக்கு இலவச நுழைவுச்சீட்டு கொடுத்தார்கள். ரத்தம் எடுக்கும் பிரிவில் வேலை பார்ப்பவள் அவள். இலவசமாக வரும் எதையும் வீணாக்கக் கூடாது என்பது அவள் கொள்கை.

"நான் வரல" என்றார் மாமா. "அந்த வாசல்ல முப்பது வருஷம் பஸ்ஸ நிறுத்தி ஆளுங்கள எறக்கிவிட்டிருக்கேன். பாத்துட்டுத் திரும்பி ஏறும்போது ஒருத்தன் மூஞ்சியிலயும்..."

"சந்தோஷம் இருந்ததில்ல. அதத்தான சொல்லப்போறீங்க? நீங்க பஸ்ஸ எடுக்கப்போற பயமா இருக்கும். வேணாம், வீட்டுலயே இருங்க" என்றார் அத்தை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் மகளும் அத்தையும் போனோம். குறுகிய அந்தச் சந்தைத் தாண்டினால் அந்தக் கட்டடம். ஆனால் பொதுமக்களுக்கான வாசல் முன்பக்கம் என்பதால் அரை மணி நேரம் சுற்றிக்கொண்டு நடந்தோம்.

உள்ளே முதல் கூடத்தில் எதுவுமே இல்லை. வெள்ளைச் சுவரும் வெள்ளைத் தரையும்தான். 'வெறுமையோடு உரையாடுங்கள்' என்று சுவரில் எழுதியிருந்தது. அத்தை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "சாமான் இன்னும் வந்து சேரல போல" என்றார்.

அது முழுக்கத் தவறும் இல்லை. புதுச் சுவர்களை எல்லாம் வளைத்து வளைத்துக் கட்டியிருந்தார்கள். நதியின் ஓட்டம் என்று கட்டடக் கலைஞர் விளக்கம் எழுதியிருந்தார். வளைந்த சுவரில் பெரிய ஓவியம் எதுவும் ஒட்டி நிற்காது என்பது கட்டி முடித்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. அதனால் பெரிய ஓவியங்களைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டு, சின்ன ஓவியங்களாகப் பார்த்து மாட்டியிருந்தார்கள். புகழ்பெற்ற கடற்போர் ஓவியம் இருந்த இடத்தில் ஒரு கைக்குட்டை அளவு பூச்சாடி தொங்கியது. அதைச் சுற்றிக் கடற்போருக்குப் போட்ட விளக்குகள் அத்தனையும் எரிந்தன.

கழிவறைகள் மட்டும் பிரமாதம். கதவில் ஆண், பெண் என்று எழுதாமல் ஒன்றில் ஒரு கோடும் இன்னொன்றில் ஒரு வளைவும் வரைந்திருந்தார்கள். எது யாருக்கு என்று புரியாமல் பத்துப் பதினைந்து பேர் வெளியே காத்துக்கொண்டு, உள்ளேயிருந்து யார் வருகிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருந்தார்கள். அன்று அந்தக் கட்டடத்தில் மக்கள் அவ்வளவு ஆழ்ந்து பார்த்த ஓவியங்கள் அவை இரண்டும்தான் என்று நினைத்தேன். மூன்றாம் மாடிக்குப் போனதும் அந்த நினைப்பு மாறிவிட்டது.

மூன்றாம் மாடியின் கடைசியில் ஒரு கும்பல். சிரிப்புச் சத்தம். சிலர் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 'நகரச் சாளரம்' என்று எழுதியிருந்தது. அதன் முன்னால் நீளமான பெஞ்சு, அதில் உட்கார இடமில்லை.

"அங்க என்னமோ நல்ல படம் இருக்கு போல" என்று என் மனைவி கூட்டத்துக்குள் தோளை நுழைத்தாள். பின்னாலேயே நாங்களும் போனோம்.

படம் இல்லை. ஜன்னல். அந்தப் பக்கம், கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போன்ற தூரத்தில், பனியனும் அரைக்கால் டவுசருமாக என் மாமனார் மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்.

வெளியிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடி, உள்ளேயிருந்து ஊரைப் பார்க்கும் ஜன்னல். கண்ணாடி விஷயம் தெரிந்தவன் என்று கடையில் என்னைச் சொல்வார்கள். இத்தனை நாள் எனக்கு அது தோன்றவில்லை.

மாமா ஒரு பக்க மீசையை முடித்துவிட்டு, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி எங்களை, அதாவது தன்னை, உற்றுப் பார்த்தார். உதட்டைக் குவித்தார். புருவத்தை ஏற்றி இறக்கினார். கூட்டம் ரசித்தது. என் மகள் மெதுவாக நழுவி, தனக்கும் இந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி ஒரு தூணின் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

அடுத்து மாமா சாயக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். நெஞ்சை நிமிர்த்தினார். விரலை நீட்டி, நேராக அத்தை நின்ற இடத்தைப் பார்த்துக் கத்தத் தொடங்கினார். சத்தம் கேட்கவில்லை. ஆனால் கண் சிவக்க, கழுத்து நரம்பு புடைக்க, பிரமாதமான திட்டு என்பது தெரிந்தது. நடுநடுவே நிறுத்தி, எதிராளி வாயடைத்துப் போனதைப் போலத் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற காவலாளி எங்களிடம் பெருமையாகச் சொன்னார். "இது தெனமும் உண்டுங்க. யாரையோ போட்டுத் திட்டுவாரு. யாருன்னுதான் யாருக்கும் தெரியல."

"எனக்குத் தெரியும்" என்றார் அத்தை.

கைப்பையைத் திறந்து போனை எடுத்தார். ஒரு நிமிடத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மாமா திட்டுவதைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்குள் ஓடினார். போனோடு மறுபடி பால்கனிக்கு வந்தார்.

"என்ன பண்ணிட்டிருக்கீங்க?" என்று கேட்டார் அத்தை. எக்ஸ்சேஞ்ச் காலத்துக் குரல். கூட்டம் மொத்தமும் அமைதியானது.

"சும்மாதான். பேப்பர் பாத்துட்டிருக்கேன்" என்று மாமாவின் குரல் போனிலிருந்து வெளியே கேட்டது. கேட்காத காதுக்காரர்கள் எப்போதும் சத்தமாகத்தான் பேசுவார்கள்.

"வலது பக்க மீசைக்கு எப்பப் பூசுவீங்க?"

மாமா அசையாமல் நின்றார். பிறகு மெதுவாக மேலே பார்த்தார். கீழே சந்துக்குள் எட்டிப் பார்த்தார். சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். "எங்கேர்ந்து பேசற?"

"உங்க எதுத்தாப்பலதான் நிக்கறேன். நான் மட்டும் இல்ல. ஒரு அம்பது பேரு இருக்காங்க. அந்த ஓட்ட பனியன மொதல்ல கழட்டி... வேணாம், கழட்டாதீங்க. அப்படியே உள்ள போங்க."

மாமா கண்ணாடியைப் பார்த்தார். அதில் தன்னைத் தவிர யாரையும் பார்த்திருக்க முடியாது. ஆனாலும் கையை எடுத்து பனியனில் இருந்த ஓட்டையை மூடிக்கொண்டு, பின்பக்கமாகவே அடி வைத்து வீட்டுக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள்.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது மாமா படுக்கையறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மீசை ஒரு பக்கம் கறுப்பு, மறு பக்கம் வெள்ளை.

"மாப்பிள்ள, எத்தன நாளா தெரியுது?" என்று மட்டும் கேட்டார்.

"தெறந்த நாள்லேர்ந்து இருக்கும், மாமா."

அந்த நாட்களில் பால்கனியில் என்னென்ன செய்தோம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது, அவ்வப்போது போர்வைக்குள்ளிருந்து வந்த முனகலிலிருந்து தெரிந்தது. திட்டு விஷயத்தில் பூகம்பம் வரும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அத்தை ஒன்றும் கேட்கவில்லை. சாயக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, அன்று முழுக்க மாமா பேசி முடிக்கும்வரை காத்திருந்தார். அவர்தான் பேசவே இல்லையே.

மாமா பால்கனிப் பக்கமே போகவில்லை. டிரைவர் சீட்டின் மேல் ஒரு பழைய போர்வை விழுந்தது. ரொட்டி வாங்கக் கடைக்குப் போன இடத்தில் ஒரு இளம் ஜோடி அவரைப் பார்த்து, "நீங்கதான அவரு?" என்று கேட்டு, கூட நின்று படம் எடுத்துக்கொண்டதாம். அதற்குப் பிறகு ரொட்டி வாங்குவதும் என் வேலையானது.

மனைவி சொன்னதால் நான் கலைக்கூடத்துக்குப் புகார் சொல்லப் போனேன். 'பார்வையாளர் அனுபவத் துணை இயக்குநர்' என்று ஒருவர் இருந்தார். என்னைவிட வயதில் சின்னவர். மேசையில் ஒரு காகிதம்கூட இல்லை. வெறுமையோடு உரையாடுகிறார் என்று புரிந்துகொண்டேன்.

"எங்க மாமனார எல்லாரும் பாக்கறாங்க" என்றேன்.

"சார், அது உங்க மாமனார் இல்ல. நகரம்" என்றார் அவர்.

"நகரம் பனியனோட நிக்குதே."

"அதுதான் சார் விஷயம். ஓவியங்கள் செத்துப்போனவங்களோட வாழ்க்கையக் காட்டுது. இந்த ஜன்னல் இருக்கறவங்களோட வாழ்க்கையக் காட்டுது. எங்க ஆர்க்கிடெக்ட் இதுக்காக வெளிநாட்டுல விருது வாங்கியிருக்காரு."

"விருதுல எங்க மாமனாருக்குப் பங்கு உண்டா?"

அவர் அன்பாகச் சிரித்தார். கண்ணாடியை மாற்ற முடியாது, உத்தரவாதம் போய்விடும் என்றார். எங்கள் பக்கம் ஒரு திரை போட்டுக்கொள்வதில் கலைக்கூடத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று பெருந்தன்மையாக அனுமதியும் கொடுத்தார். எங்கள் வீட்டில் நாங்கள் திரை போட்டுக்கொள்ள தேசிய அளவில் அனுமதி கிடைத்தது என்று வீட்டில் வந்து சொன்னேன்.

இதற்குள் செய்தி டிப்போவுக்கு எட்டிவிட்டது. ஓய்வு பெற்ற ஓட்டுநர்களும் கண்டக்டர்களும் கும்பலாகக் கிளம்பி வந்தார்கள். வாழ்நாளில் ஓவியம் என்று ஒன்றைப் பார்க்கக் காசு கொடுத்து அவர்கள் போனது அதுதான் முதல் தடவை. எல்லாக் கூடத்தையும் ஒரே ஓட்டமாகக் கடந்து மூன்றாம் மாடிக்குப் போய், மூடிய கதவையும் போர்வை போர்த்திய சீட்டையும் பார்த்துவிட்டு, வரவேற்பு மேசையில் போய்ச் சண்டை போட்டிருக்கிறார்கள். "சடன் பிரேக் எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, அந்தத் தலைப்பில் எங்களிடம் எதுவும் இல்லை, கிடங்கில் இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறாள்.

இரண்டு வாரம் கழித்து, கலைக்கூடத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி என்று ஒரு இளம்பெண் கையில் கேக்கோடு வீட்டுக்கு வந்தாள். மாமா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் ஐயாவக் கேக்கறாங்க, மேடம். சாளரத்துக்கு முன்னாடி இப்ப யாரும் நிக்கறதில்ல. அவரு பழையபடி வந்தாருன்னா..."

"வந்தா?" என்றார் அத்தை.

"எங்களுக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும்."

"சந்தோஷப்படுங்க. வேற எதாவது?"

கதவுக்குப் பின்னாலிருந்து மாமா வெளியே வந்தார். "ஒரு நாளைக்கு எத்தன பேரு பாத்தாங்க?" என்று கேட்டார்.

"ஆயிரம் பேருக்குக் குறையாது, ஐயா."

மாமா ஒரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அன்று சாயங்காலம் என்னிடம் வந்து உட்கார்ந்தார். "மாப்பிள்ள, என் பஸ்ஸுலயும் ஆயிரம் பேரு வருவாங்க. எல்லாரும் பாத்தது என் பொடனியத்தான். எறங்கும்போது கண்டக்டருக்குத்தான் தேங்க்ஸ் சொல்லுவாங்க. ஒருத்தன் திட்டறதுக்குக்கூட முன்னாடி வந்து மூஞ்சியப் பாத்து திட்டல. பின்னாலேர்ந்தே திட்டிட்டு எறங்கிருவான்."

நான் கேக் நன்றாக இருந்ததா என்று கேட்டேன்.

மறுநாள் காலையில் பீரோவைத் திறந்து சீருடையை எடுத்தார். தொப்பியைத் துடைத்தார். அத்தை சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தார். இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் மீசை. போர்வையை எடுத்துவிட்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, முதுகை நேராக வைத்து, இல்லாத ஸ்டியரிங்கின் மேல் கை வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் முழங்காலின் மேல் வைத்துக்கொண்டார். நாள் முழுக்க அப்படியே இருந்தார். கண் மட்டும்தான் சிமிட்டினார், அதுவும் யோசித்து.

நான்கு நாள் கழித்து மக்கள் தொடர்பு அதிகாரி போன் செய்தாள். குரலில் தயக்கம். ஐயா வந்தது மிக்க மகிழ்ச்சி. ஆனால் பார்வையாளர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒருவர் கருத்துப் பெட்டியில், மெழுகுச் சிலை நன்றாக இருக்கிறது, ஆனால் முகத்தில் உயிர் இல்லை என்று எழுதிப் போட்டிருக்கிறார். கொஞ்சம் இயல்பாக இருக்கச் சொல்ல முடியுமா?

இயல்பாக இருக்க மாமா எடுத்த முயற்சியை நான் பார்த்தேன். காலை ஆட்டினார். நிறுத்தினார். கொட்டாவி விட்டார், வராத கொட்டாவி. விரலை நீட்டித் திட்டிப் பார்த்தார். ஆனால் அத்தை அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததால், "நீ... வந்து... அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்பதோடு திட்டு முடிந்துவிட்டது. கலைக்கூடம் ஏற்பாடு செய்ய முடியாத ஒன்று அவருடைய தனிமைதான். அதை வாங்கித்தர அவர்களிடம் எந்த நிதியும் இல்லை.

ஒரு வாரத்தில் அவருக்கே சலித்துவிட்டது. சீருடை பீரோவுக்குப் போனது.

என் கடைக்குப் புதன்கிழமை விடுமுறை. கலைக்கூடத்தில் அன்று முதியோருக்கு இலவசம். ஒரு புதன்கிழமை மாமா, "மாப்பிள்ள, பென்ஷன் ஆபீஸுக்குக் கூட வரீங்களா?" என்று அத்தைக்குக் கேட்கும்படி சத்தமாகக் கேட்டார். தெருவில் இறங்கியதும், "அங்கேர்ந்து பாத்தா என்னதான் தெரியுதுன்னு பாக்கணும்" என்றார்.

வெறுமைக் கூடத்தையும் பூச்சாடியையும் நிற்காமல் கடந்தார். ஜன்னலுக்கு முன்னால் பெஞ்சு காலியாக இருந்தது. உட்கார்ந்தோம். எங்கள் பால்கனி ஒரு பெரிய சட்டத்துக்குள் அடங்கிய மாதிரி தெரிந்தது. துணிக் கொடி, காலி சீட்டு, பாதி திறந்த கதவு.

"கம்பியெல்லாம் துருப்பிடிச்சுக் கெடக்கு. பெயிண்ட் அடிக்கணும்" என்றார் மாமா.

கொஞ்ச நேரத்தில் அத்தை துணி எடுக்க வந்தார். எடுத்த துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு, கதவுப் பக்கம் திரும்பினார். பிறகு என்ன நினைத்தாரோ, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். அது வந்த நாளிலிருந்து அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றினார். ஒரு காலைத் தூக்கிக் கம்பியின் மேல் வைத்து, முழங்காலை இரண்டு கையாலும் அமுக்கிவிட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு ஒன்றும் செய்யவில்லை. மடியில் துணிக்குவியலோடு, வாய் மூடி, சும்மா உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆள் இருப்பார்கள் என்று தெரிந்தவர்தான். அதைப் பொருட்படுத்தியதாகவே தெரியவில்லை.

மாமா முழங்கையைத் தொடையில் ஊன்றி முன்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழங்கால் வலின்னு எங்கிட்ட சொன்னதே இல்ல" என்றார்.

"உங்க நல்ல காதுப் பக்கம் சொல்லியிருக்க மாட்டாங்க" என்றேன் நான். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

இரண்டு கல்லூரிப் பெண்கள் வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். "அந்தத் தாத்தா வரமாட்டாரா இப்ப? இவங்க யாரு?" என்று ஒருத்தி தோழியிடம் கேட்டாள்.

"அவரோட வீட்டுக்காரி" என்றார் மாமா.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா, தாத்தா?"

அத்தை எழுந்து, துணிகளை அள்ளிக்கொண்டு, செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு உள்ளே போகும்வரை மாமா பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவாத் தெரியாது" என்றார்.

திரும்பும் வழியில் மருந்துக்கடையில் முழங்கால் தைலம் ஒன்று வாங்கினார். பென்ஷன் ஆபீஸில் தைலம் கொடுத்தார்களா என்று அத்தை கேட்டார். மாமா உண்மையைச் சொல்லிவிட்டார். சொல்லி முடிக்கும்வரை அத்தை குறுக்கே பேசவில்லை. முடித்த பிறகு, "அப்ப நான் துணி எடுக்கறதக் காட்சி பாத்துட்டு வந்திருக்கீங்க" என்றார். அதற்குப் பிறகு வழக்கமான பாட்டு விழுந்தது. ஆனால் தைலத்தை வாங்கிக்கொண்டார்.

அடுத்து வந்த கோடையில் இன்னொரு கண்டுபிடிப்பு நடந்தது. சூரியன் மேற்கே மறைகிறது என்பதுதான் அது. சாயங்கால வெயில் முழுக்க அந்தக் கண்ணாடி வழியாக உள்ளே பாய்ந்து, எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த பழைய நீர்வண்ண ஓவியங்களை வெளுக்க வைத்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடமும் இத்தனை அமைச்சர்களும் சூரியன் எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு மாலை நின்று பார்க்கவில்லை. விசாரணைக் குழு அமைத்தார்கள். ஜன்னலை உட்பக்கமிருந்து ஒரு வெள்ளைத் திரையால் நிரந்தரமாக மூடினார்கள். அந்தத் திரையில் இப்போது ஒரு வீடியோ ஓடுகிறது. ஏதோ ஒரு ஊரின் பால்கனி, அதில் ஒரு பூந்தொட்டி. நகரச் சாளரம் என்ற பெயர்ப்பலகை மட்டும் அப்படியே இருக்கிறது. ஆர்க்கிடெக்ட்டுக்கு இதற்கும் ஒரு விருது வரும் என்று நான் எதிர்பார்க்கிறேன்.

திரை போட்ட செய்தியை மாமாவுக்குக் காவலாளிதான் சொன்னார். மாமா அதற்குள் புதன்கிழமை தவறாமல் அங்கே போக ஆரம்பித்திருந்தார். மூடியதோடு நிறுத்திவிடுவார் என்று நினைத்தோம். அந்த வாரம் அத்தையையும் கூட்டிக்கொண்டு போனார். இலவசம், குளிர்ச்சியாகவும் இருக்கும், முழங்காலுக்கு நல்ல நடை என்று காரணம் சொல்லிக்கொண்டார்கள்.

"எப்படி இருந்துச்சு, அத்தை?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் புரியல. அடுத்த வாரமும் போறோம்" என்றார்.

இரண்டாம் மாடியில் பழைய கால மனிதர்களின் ஓவியங்கள் இருக்கும் கூடம்தான் இப்போது அவர்களுடைய இடம். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, எந்தப் படத்தில் இருப்பது யாருடைய சொந்தக்காரர் ஜாடை என்று சண்டை போடுவார்களாம். ஒரு பேரரசியின் மூக்கு, மாமாவின் அக்கா மூக்குதான் என்று முடிவாகிவிட்டது. மாமாவின் மேலதிகாரி ஒருவர் மூன்று படங்களில் இருக்கிறாராம், மூன்றிலும் செத்துக் கிடக்கிறாராம். போன வாரம் என்னையும் கண்டுபிடித்துவிட்டதாக இருவரும் சந்தோஷமாகத் திரும்பி வந்தார்கள். ஒரு வேட்டைக் காட்சியில், எல்லோரும் குதிரையில் ஏறிக் கிளம்பிக்கொண்டிருக்க, ஓரமாக நின்று யாருடைய குதிரையையோ பிடித்துக்கொண்டிருக்கிறேனாம்.

அப்படியே இருக்கிறது என்று என் மனைவியும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறாள். நான் இன்னும் போகவில்லை.